கிணற்றைக் கேட்டுக் குப்பைக்கு வழி தேடுவோம்

மாசி மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். பேச்சு முழுக்கக் குப்பைதான். குப்பை ஏற்றுகிற உழவு இயந்திரம் கிழமைக்கு ஒரு நாள் வரவேண்டும். சில கிழமைகளில் வருவதில்லை. ஒழுங்கை முடக்கில் யாரோ இரவோடு இரவாக மூட்டை கட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். விடியும்போது நாய் இழுத்து, காகம் கொத்தி, பாதி ஒழுங்கை வரைக்கும் பரவிக் கிடக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிளை உழக்குகிறார்கள்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். உழவு இயந்திரத்தைக் கிழமைக்கு மூன்று நாள் கேட்போம் என்றார் ஒருவர். எங்கேயாவது தூரத்தில் பெரிய கிடங்கு வெட்டித் தாட்கச் சொல்லுவோம் என்றார் இன்னொருவர். கொழும்பில் செய்கிற மாதிரி எரித்து மின்சாரம் எடுக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் பசளைத் தொழிற்சாலை வேண்டும் என்றார். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், "எங்கட வீட்டுக் குப்பையை நாங்களே பார்த்தால் என்ன?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். ஒன்றும் முடிவாகவில்லை. எல்லா வழியையும் ஒப்பிட்டு எழுதி வைத்தால் அடுத்த கூட்டத்தில் வாசித்து முடிவெடுக்கலாம் என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள். அதுதான் இந்தக் கட்டுரை. எங்கள் ஊர் வலிகாமத்தின் செம்மண் பக்கம். ஆனாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த ஊருக்கும் இதில் பாதியாவது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் தண்ணீர்

குப்பையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கிணறுதான் நினைவுக்கு வருகிறது. காரணம் இருக்கிறது. எங்கள் காலுக்குக் கீழே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். பெய்கிற மழை அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உவர்நீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டு நிற்கிறது. நாங்கள் அள்ளுவது அந்த வில்லையிலிருந்துதான். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி அடங்கிவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல்லுக்குள் தண்ணீர் எப்படி ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும்.

மணல் நிலமாக இருந்தால் அழுக்குத் தண்ணீர் மெல்ல மெல்ல வடிந்து, ஓரளவு சுத்தமாகித்தான் கீழே போகும். வெடித்த கல்லில் அந்த வாய்ப்புக் குறைவு. மேலே ஊற்றினது கொஞ்ச நாளில் கிணற்றுக்கு வந்துவிடலாம். 2014, 2015 ஆண்டுகளில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் தெருவில் இறங்கிப் போராடியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. தோட்டங்களுக்குப் போடும் யூரியாவாலும் மலசலகூடக் குழிகளாலும் எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடுதல். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரைக்கும்தான் ஏற்கலாம் என்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் உண்டு.

மலைநாட்டில் இதே பிரச்சினைக்கு வேறு முகம். கண்டி நகரத்துக் குப்பை போய்ச் சேரும் கோஹாகொட மேடு மகாவலிக் கரையில் இருக்கிறது. மழை பெய்தால் மேட்டிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீர் ஆற்றை நோக்கிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். மலையில் கழிவு சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்குக்குப் போகும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கேட்கலாம். எங்களிடம் சரிவு இல்லை. கழிவு நேராகக் கீழே போகிறது. குற்றம் சொல்ல மேலே யாரும் இல்லை, தண்ணீரும் எங்களுடையது, குப்பையும் எங்களுடையது.

ஆகவே எந்த வழியையும் நான் முதலில் ஒரு கேள்வி கேட்டுத்தான் பார்த்தேன்: இது கிணற்றுக்கு என்ன செய்யும்? அதற்குப் பிறகுதான் செலவு, வசதி, ஆள் எல்லாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் மழை கொட்டும்போது என்ன நடக்கும், ஆடி ஆவணியில் வெளியிலிருந்து சனம் வந்து ஊர் நிரம்பும்போது என்ன நடக்கும் என்ற இரண்டையும் கூடவே வைத்துப் பார்த்தேன்.

இப்போது செய்வதும் கேட்கப்பட்டதும்

இப்போது பெரும்பாலான வீடுகள் செய்வது மூன்று. வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் கிடங்கு வெட்டித் தாட்பது, விடியக் கூட்டி எரிப்பது, மிச்சத்தை உழவு இயந்திரத்துக்கு வைப்பது.

தாட்பது எங்கள் அம்மம்மா காலத்துப் பழக்கம். அவருடைய கிடங்குக்குள் போனது மரக்கறித் தோல், சாம்பல், இலை. இன்றைக்கு அதே கிடங்குக்குள் பற்றரி, பூச்சிமருந்துப் போத்தல், பொலித்தீன் எல்லாம் போகின்றன. கிடங்கு வெட்டுவது என்றால் கொஞ்சமாக இருக்கும் மண்ணையும் விலக்கிவிட்டுக் கல்லுக்குக் கிட்டக் குப்பையைக் கொண்டுபோய் வைப்பது என்று அர்த்தம். இந்த வழியை நான் முழுதாகவே கைவிடச் சொல்லுவேன்.

எரிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடவே சொல்ல இருக்கிறது. விடியக் காலையில் ஒழுங்கையால் நடந்தால் வீட்டுக்கு வீடு புகை. மா இலை, பலா இலை, வேப்பஞ்சருகு எல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். அதோடு சொப்பிங் பையும் தயிர்க் கப்பும் சேர்ந்துதான் எரிகின்றன. பிளாஸ்ரிக் புகை, அதிலும் பி.வி.சி. எரியும் புகை, எவ்வளவு கெடுதி என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு நட்டமும் இருக்கிறது, அதை நாங்கள் கவனிப்பதே இல்லை. அந்தச் சருகுதான் குசினிக் கழிவை நாற்றமில்லாமல் உக்க வைக்கிற பொருள். ஒரு கையால் சருகை எரித்துக்கொண்டு, மறு கையால் நாறுகிற குசினிக் கழிவை ஒழுங்கைக்குத் தள்ளுகிறோம். இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

உழவு இயந்திரத்தைக் கூடுதல் தடவை கேட்பதில் தவறில்லை. வரி கட்டுகிறோம், கேட்கலாம். ஆனால் அது கொண்டுபோகும் இடம் எது என்பதையும் கேட்கவேண்டும். யாழ் மாநகரத்துக் குப்பை போய்ச் சேரும் கல்லுண்டாய் வெளி மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற தரவை. அங்கே குப்பையில் தீப்பிடித்துப் புகை மண்டுவது வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் குடியேறி இருக்கிற சனம் அந்தப் புகைக்குள்தான் சமைத்துச் சாப்பிடுகிறது. எங்கள் ஒழுங்கை சுத்தமாவதற்கு இன்னொரு ஊரின் வாசல் நாறவேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேடு உயர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்ல காட்டியது. குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பெரிய திட்டங்கள்

தூரத்தில் பெரிய கிடங்கு என்று சொன்னவர் மனதில் இருந்தது காங்கேசன்துறைப் பக்கம். 1950இல் தொடங்கி 1990 வரை ஓடிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் அங்கே வெறுமையாகத்தானே கிடக்கின்றன என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது வெறும் பள்ளமில்லை, கல்லைத் தோண்டி நிலத்தடி நீருக்குக் கிட்டப் போன இடம். அதற்குள் குப்பையைக் கொட்டுவது கிணற்றுக்குள் கொட்டுவதற்குச் சமம். முறையான நிரப்புநிலம் என்றால் அடியில் களியும் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பும் போட்டு, வடிகிற தண்ணீரைக் குழாயில் எடுத்துச் சுத்திகரிக்கவேண்டும். கம்பகா மாவட்டத்துத் தொம்பேயில் கொரிய உதவியோடு அப்படி ஒன்று கட்டியிருக்கிறார்கள். கட்டலாம், சரி. முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த விரிப்புக் கிழியாமல் இருக்குமா, அந்தக் குழாயைப் பார்க்க ஆள் இருக்குமா என்று சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் இருக்கிற நாங்கள் கேட்டே ஆகவேண்டும்.

எரித்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய நிலையம் 10 மெகாவாட். அதற்கு நாளாந்தம் நூற்றுக்கணக்கான தொன் குப்பை வேண்டும். கொழும்பு மாதிரி ஒரு பெருநகரம் பக்கத்தில் இருப்பதால்தான் கிடைக்கிறது. எங்கள் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான உணவுக் கழிவு. ஈர விறகு அடுப்பில் எப்படி எரியும் என்பது எங்கள் அம்மாமாருக்குத் தெரியும். தம்பியிடம் இதைச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

மாஸ்ரர் சொன்ன பசளைத் தொழிற்சாலைதான் பெரிய திட்டங்களில் எனக்குப் பிடித்தது. அதனால்தான் அதன் குறைகளையும் கூட நேரம் யோசித்தேன். மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் கீழ் நாடு முழுக்கப் பல உள்ளூராட்சி சபைகளில் இப்படியான நிலையங்கள் கட்டினார்கள். நன்றாக ஓடுகிறவையும் இருக்கின்றன. சறுக்குகிற இடம் எங்கும் ஒன்றுதான்: வீட்டில் பிரிக்காத குப்பை வந்தால், வேலையாட்கள் கையால் கிண்டிப் பிரிக்கவேண்டும். கண்ணாடித் துண்டும் பற்றரியும் ஊசியும் கலந்தால் பசளையும் கெட்டது, அவர்களின் கையும் கெட்டது.

அதற்குப் பிறகு, யார் வாங்குவது? எங்கள் தோட்டக்காரர் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பசளை தேடுகிறவர்தான். வன்னியிலிருந்து லொறியில் மாட்டெரு ஏற்றிவந்து போடுகிறவர்தான். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது, சேதனப் பசளை என்ற பெயரில் கண்டதெல்லாம் மூட்டையில் வந்தது. அந்த ஏமாற்றம் இன்னும் போகவில்லை. நகரக் குப்பையில் செய்த பசளை என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதற்கென்று எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தரம் இருக்கிறது; அதைக் காட்டி, ஒரு போகம் ஒரு பரப்பில் போட்டு விளைச்சலைக் காட்டினால் நம்புவார்கள். அதற்குக் காலம் வேண்டும். ஆகவே இது பிறகு வரவேண்டிய வழி என்றுதான் நினைக்கிறேன். முதலில் வீடுகள் பிரிக்கப் பழகவேண்டும். பழகிவிட்டால் தொழிற்சாலைக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும் என்பதே அப்போதுதான் தெரியவரும்.

பின்வரிசை அக்கா கேட்ட கேள்வி

கூட்டம் முடிந்து வந்து எங்கள் வீட்டுக் குப்பையை ஏழு நாள் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஐந்து பேர் இருக்கிற வீடு. மொத்தம் ஒன்பதரைக் கிலோ வந்தது. அதில் ஏறக்குறைய ஏழு கிலோ உக்கக்கூடியது: மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, மீன் செதில், மிஞ்சின சோறு. மிச்சம் இரண்டரைக் கிலோதான் பிளாஸ்ரிக், கடதாசி, போத்தல், தகரம். முற்றத்தில் கூட்டின சருகை இதில் சேர்க்கவில்லை.

அந்த ஏழு கிலோவை எடுத்துவிட்டால் மிச்சம் நாறாது, நாய் இழுக்காது, இலையான் மொய்க்காது. மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். நாற்றம், புழு, வடிகிற தண்ணீர் எல்லாமே அந்த ஈரத்தோடுதான் வருகின்றன. அங்கே இருந்துதான் எனக்கு ஒரு விதி பிடிபட்டது: ஈரமானது வளவை விட்டு வெளியே போகக்கூடாது, உலர்ந்தது வளவுக்குள் தங்கக்கூடாது.

கேரளத்தில் ஆலப்புழை நகரம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. அந்த நகரத்துக் குப்பையைச் சர்வோதயபுரம் என்ற ஊரில் கொட்டிவந்தார்கள். 2012இல் அந்த ஊர்ச் சனம் லொறிகளை மறித்துவிட்டது. வேறு வழியில்லாமல் நகரம் வீட்டுக்கு வீடு பசளை உக்க வைக்கிற குழாயும் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிற சிறிய கலனும் கொடுத்து, தெருவுக்குத் தெரு காற்றோட்டமான பசளைத் தொட்டிகள் வைத்தது. அதே கேரளத்தில் கொச்சி எல்லாவற்றையும் பிரம்மபுரத்தில் குவித்தது. 2023 மார்ச்சில் அந்த மேடு தீப்பிடித்துப் பத்து நாளுக்கு மேல் எரிந்து, நகரம் முழுக்கப் புகையில் கிடந்தது. ஒரே மழை, ஒரே மாதிரிச் சமையல், ஒரே மாதிரிக் குப்பை. முடிவு இப்படி வேறாகிப் போனது.

எங்கள் வீடுகளுக்கு வளவு இருக்கிறது. இரண்டு பரப்பு வளவுக்காரரிடம்கூட ஒரு மூலை இருக்கும். செய்யவேண்டியது பெரிய வித்தையில்லை, ஆனால் எங்கள் நிலத்துக்குத் தக்க மாதிரிச் செய்யவேண்டும். கிடங்கு வேண்டாம், நிலத்துக்கு மேலே தொட்டி அல்லது கம்பி வலைக் கூடு. கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாமோ அவ்வளவு தள்ளி, மலசலகூடக் குழிக்கு இடைவெளி பார்க்கிற அதே கவனத்தோடு. உக்கின பசளையிலும் நைத்திரேற்று இருக்கிறது, மழை கழுவினால் அதுவும் கீழேதான் போகும். அதனால் மேலே கிடுகோ தகரமோ கட்டாயம் வேண்டும். ஐப்பசி மழையில் திறந்து கிடக்கும் குவியல் ஊறி, அழுகி, நாறத் தொடங்கும். அப்போதுதான் "இது சரிவராது" என்று பலர் கைவிடுகிறார்கள்.

உள்ளே போடுவதில் இருக்கிற நுட்பம் சருகுதான். உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குக் காபன் முப்பது பங்கு, நைதரசன் ஒரு பங்கு என்ற அளவு பிடிக்கும். குசினிக் கழிவில் நைதரசன் கூட, சருகில் காபன் கூட. ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த சருகு போட்டு மூடினால் நாற்றம் வராது. கிழமைக்கு ஒரு தடவை கிளறவேண்டும். நடுவில் கை வைத்தால் சுடவேண்டும், அதுதான் நன்றாக நடக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டரை, மூன்று மாதத்தில் கறுத்து, மண் வாசம் வந்துவிடும். மீன் கழிவும் நண்டுக் கோதும் குவியலின் நடுவே போய், மேலே சாம்பலும் சருகும் விழவேண்டும். அல்லது பழைய முறைப்படி தென்னை, வாழை அடியில் ஆழமில்லாமல் கொத்தி மூடலாம், வேர் எடுத்துக்கொள்ளும்.

எலிதான் பெரிய பயம். 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் எங்கள் மாவட்டத்தில் உயிர் குடித்தது. அதனால் கூட்டின் அடியிலும் பக்கத்திலும் நெருக்கமான கம்பி வலை இருக்கவேண்டும். சமைத்த சோறு மிஞ்சினால் கோழிக்கோ நாய்க்கோ போகட்டும். கூட்டுக்குள் அது குறைந்தால் எலியும் குறையும். வயது போனவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளில் கிளற ஆள் இருக்காது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் என்ற வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே நிறைய. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கூட்டில் பங்கு கொடுக்கலாம். பக்கத்து வீட்டாரோடு கதை பேச்சு இல்லை என்றால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது கூட்டத்தில் பேசவேண்டிய விடயம்.

எரிவாயுக் கலனைப் பற்றியும் கேட்டார்கள். 2022இல் 12.5 கிலோ சிலிண்டர் 4,800 ரூபாயைத் தாண்டி, வரிசையில் நாள் கணக்கில் நின்ற பிறகு அந்த ஆசை எல்லோருக்கும் வந்தது. மாடு வைத்திருக்கும் வீட்டுக்கும், நாளாந்தம் ஒரே அளவு கழிவு வரும் சாப்பாட்டுக் கடைக்கும் நல்லது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குச் சரிவராது. ஒரு முகூர்த்த நாளில் ஐந்நூறு இலை, அடுத்த பத்து நாள் ஒன்றுமில்லை என்றால் கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர் தாங்காது. மண்டபத்து வாழையிலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகட்டும். ஒரேயொரு நிபந்தனை: மேசையில் விரிக்கிற பொலித்தீன் தாள் அதோடு கலக்கக்கூடாது. மாடு அதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

வளவு இல்லாத விருந்தாளி

இதுவரைக்கும் வீட்டுக் குப்பை. வருகிறவர்களின் குப்பைக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது, அவர்களுக்கு இங்கே வளவு இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் மூன்று வகை. முதல் வகை எங்கள் சொந்தம். ஆடி ஆவணியில் நல்லூர்க் கொடியேறினால் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பெரியம்மா வீட்டார், சித்தப்பா வீட்டார் வந்து இறங்குவார்கள். இரண்டாவது, தெற்கிலிருந்து பஸ் பிடித்து நாகவிகாரைக்கும் நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நயினாதீவு போகிறவர்கள். மூன்றாவது, இந்தியாவிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற பயணிகள். 2019இல் பலாலி விமான நிலையம் சர்வதேச விமானங்களுக்குத் திறந்ததும், 2023இல் நாகபட்டினம் கப்பல் தொடங்கியதும் இவர்களைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சொந்தக்காரரின் மூன்று வீடுகள் இப்போது அறை வாடகைக்கு ஓடுகின்றன.

இந்த மூன்று வகையும் விட்டுப்போவது ஏறக்குறைய ஒன்றுதான்: தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பார்சல் சுற்றின தாள், இளநீர்க் கோம்பை. கோம்பையில் மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு. லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடை. பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு 2023 ஒக்டோபரில் தடை. சட்டம் இருக்கிறது; ஆனாலும் கடைக்குக் கடை கிடைக்கிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்தால், எல்லோரும் முதலில் சொல்வது குப்பைத் தொட்டி. தெருவில் தொட்டி வைத்தால் இரண்டாம் நாளே ஊர்க்காரரின் வீட்டுக் குப்பை அதற்குள் நிரம்பிவிடும். எங்கள் கோயில் வீதியில் வைத்துப் பார்த்து, ஆறு மாதத்தில் எடுத்துவிட்டோம். தண்டப்பணம் என்றால் பிடிக்க ஆள் வேண்டும். வந்த விருந்தாளியைத் துரத்திப் பிடிப்பது எங்கள் ஊர் வழக்கமும் இல்லை.

எனக்கு நம்பிக்கை தந்தது நீலகிரி. மலையில் குடித்துவிட்டு எறியும் போத்தல் காட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு வந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2022இல் அங்கே மதுப் போத்தலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலான போத்தல்கள் திரும்பி வந்தன. சிறிய தண்ணீர்ப் போத்தலையும் அங்கே தடை செய்து, காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்களை வைத்தார்கள். எங்கள் நாட்டிலேயே ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் உறைகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். எங்களுக்கும் இது புதிதில்லை. வெற்றுப் போத்தல் கொண்டுபோனால்தான் சோடா தருவார்கள் என்றிருந்த காலம் எங்கள் சிறுவயதுதான்.

மலையில் ஒரு வசதி, நுழைகிற பாதை ஒன்றிரண்டுதான். வாசலில் நின்று பார்க்கலாம். குடாநாடு முழுக்க அப்படிச் செய்ய முடியாது. ஆனால் தீவுகளுக்கு முடியும். நயினாதீவுக்குப் போகிறவர் எல்லோரும் குறிகட்டுவான் துறையில்தான் படகு ஏறுகிறார். அங்கே போத்தலுக்கு ஒரு அடையாள ஒட்டியும் சிறு முற்பணமும் வைத்தால், திரும்பி வரும்போது போத்தலைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். தீவுகளில் நல்ல தண்ணீர் எங்களைவிடவும் குறைவு. அங்கே போன குப்பையை யாராவது படகில் ஏற்றினால்தான் வெளியே வரும். நெடுந்தீவுக்கும் இதே துறைதான். இதை நாங்கள் ஒரு சனசமூக நிலையமாகச் செய்ய முடியாது, பிரதேச செயலகமும் கடற்படையும் படகுச் சங்கங்களும் சேர்ந்து உட்காரவேண்டும். நாங்கள் கடிதம் எழுதலாம், எழுதுவோம்.

எங்கள் ஊருக்குள் செய்யக்கூடியது வேறு. வாடகை அறைக்காரர் மூவரும் சிறு போத்தல் கொடுக்காமல் பெரிய தண்ணீர்ச் சாடி வைத்து, விருந்தாளியிடம் நிரப்பிக்கொள்ளச் சொல்லவேண்டும். தங்குகிறவருக்கு வளவு இல்லை என்றால், அறை கொடுக்கிறவரின் வளவுதான் அவருடைய வளவு. தேர்த்திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் கப் போகிறது. அங்கே நான் ஒன்று கேட்கப்போகிறேன்: மூக்குப்பேணி. வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கத்தானே அதற்கு மூக்கு வைத்தார்கள். ஒரு பேணியில் நூறு பேர் குடிக்கலாம். எவர்சில்வரில் ஐம்பது பேணி இருந்தால் பந்தலுக்குப் போதும். ஊரிலே பழைய பித்தளைப் பேணிகளும் இருக்கின்றன. அன்னதானத்துக்கு வாழையிலை, கூழுக்குப் பனையோலைப் பிளா. இவை எல்லாம் நாளைக்கே கிடைக்கும்.

சொந்தக்காரரோடு வருகிற ஒரு குப்பையை எந்த வழியிலும் அடக்க முடியவில்லை: பம்பர்ஸ். வெளிநாட்டிலிருந்து குழந்தைகளோடு வருகிறார்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் இப்போது அதுதான். உக்காது, விற்க முடியாது, எரிக்கக்கூடாது, தாட்கக்கூடாது. பெண்கள் பாவிக்கும் துவாய்களும் இப்படித்தான். கழிவை மலசலகூடத்துக்குள் தட்டிவிட்டு, தாளில் சுற்றித் தனிப் பையில் கட்டி, உழவு இயந்திரத்தில் தனியாக ஏற்றுவதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை. துணித் துவாய்க்கு மாறுகிறவர்கள் மாறலாம். யாரையும் வற்புறுத்த எனக்கு மனமில்லை. படுக்கையில் இருக்கும் தாயைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தச் சுமையும் வேண்டாம்.

என்னுடைய முடிவு

நான் சொல்லப்போவது இதுதான். குசினிக் கழிவும் சருகும் வீட்டுக்குள்ளேயே கூட்டில் உக்கவேண்டும். உலர்ந்தவை மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்துக் கொட்டகைக்கு வரவேண்டும், கழுவிக் காயவைத்து. நாடு முழுக்க இருக்கிற நிற வழக்கத்தையே நாங்களும் வைத்துக்கொள்ளலாம்: கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். இரும்பும் போத்தலும் எடுக்கிற வியாபாரிக்கு இரும்பு, மட்டை, பிளாஸ்ரிக் போத்தல் வேண்டும். பிஸ்கற் உறை, பால்மாப் பைக்கற்று, மெல்லிய பொலித்தீன் வேண்டாம் என்பார். அந்த மிச்சமும் பம்பர்ஸ் பைகளும்தான் உழவு இயந்திரத்துக்கு. அது இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒழுங்காக வந்தாலே போதும். மூன்று நாள் கேட்பதைவிட இதைக் கேட்டால் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

எல்லா வீட்டையும் ஒரே நாளில் தொடங்கச் சொன்னால் நடக்காது. முதலில் எங்கள் ஒழுங்கையின் பதினாறு வீடும் செய்து காட்டட்டும். சித்திரையில் தொடங்கினால் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் முதல் பசளை கையில் வரும். அதைத் தோட்டக்காரர் ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்து, ஒரு பாத்தி வெங்காயத்துக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஐப்பசிக்குள் எல்லாக் கூட்டுக்கும் கூரை இருக்கவேண்டும். தொடங்க முதலும் ஒரு வருடம் கழித்தும் நாலைந்து கிணற்றுத் தண்ணீரை நைத்திரேற்றுக்குப் பரிசோதித்து, இரண்டு தாளையும் நிலையத்துச் சுவரில் ஒட்டுவோம். செலவு என்னுடையது.

கொட்டகைத் திறப்பை யார் வைத்திருப்பது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. நேற்று அந்தப் பின்வரிசை அக்காவிடம் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை விடிய ஏழு மணிக்குத் திறப்பன், பத்துக்குப் பூட்டிப்போடுவன், பிந்தி வாறவை அடுத்த மாசம் வரட்டும்" என்றார்.